அம்மா விரல் வைத்து எண்ணிய ஐந்து கற்கள்: ஜப்பான் பயண அனுபவங்கள்

ஜப்பான் போய்வந்தவர்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சியை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஏப்ரல் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முட்டைகூடத் தொடாத சைவம். ஒரு குழுவோடு ஏழு நாள் சுற்றினோம். அது முடிந்ததும் நாங்கள் இருவர் மட்டும் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினோம். நான் எழுத வந்தது அந்த இரண்டு நாளைப் பற்றி.

முதல் ஏழு நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் சென்சோஜி கோயில். வாசலில் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான சிவப்பு விளக்கு தொங்குகிறது. பிறகு புஜி மலை. கவாகுச்சி ஏரிக்கரையில் இரண்டு நாள் இருந்தும், 3,776 மீட்டர் உயர மலை ஒரு விரற்கடை அளவுகூடக் கண்ணில் படவில்லை. அப்படி ஒரு மேகம். மூன்றாம் நாள் மிஷிமா நிலையத்தில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஏறிய சில நிமிடங்களில், ஜன்னலோரம் இருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மேகத்துக்கு மேலே வெள்ளை முகடு மட்டும் தனியாக நின்றது. யாராவது டோக்கியோவிலிருந்து கியோட்டோ போவதாக இருந்தால் மலைப்பக்க ஜன்னலோரமான ‘இ’ (E) இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும்போதும் அதே ‘இ’தான்.

கியோட்டோவில் பொன் வேய்ந்த கின்காகுஜிக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். 1950-ல் தீக்கிரையாகி 1955-ல் மறுபடி எழுப்பப்பட்ட மண்டபம் அது. குளத்தில் விழும் அதன் நிழலைப் பார்ப்பதற்குள் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஃபுஷிமி இனாரி கோயிலில் சிவப்புத் தோரண வாயில்கள் ஆயிரக்கணக்கில் மலை ஏறுகின்றன. மேலே போகும்போது அவை வெறும் சிவப்பாகத் தெரியும். இறங்கும்போதுதான் ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கறுப்பு எழுத்து தெரிகிறது. கொடுத்தவர் பெயர், கொடுத்த தேதி. நம் கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதியிருக்குமே, அதேதான். அம்மாவுக்கு அந்த இடம் அன்றே சொந்த ஊர் ஆகிவிட்டது.

சாப்பாடுதான் பெரும் வேதனை. எங்களை அழைத்துப்போன நிறுவனம் சைவ உணவுக்கு உறுதி கொடுத்திருந்தது. மூன்றாம் நாள் நான் துருவிக் கேட்டபோதுதான், தினமும் அம்மா குடித்த மிசோ சூப்பின் அடிச்சாறே உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது என்று தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. அதன் பிறகு வாழைப்பழம், வெறும் சோறு, நடுவில் உமெபோஷி என்னும் புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை. அதிலும் சிலவற்றில் மீன் சீவல் சேர்ப்பார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

அதனால்தான் அந்தக் கூடுதல் இரண்டு நாளுக்கு, கோயில்களே சைவ உணவு தரும் கோயாசான் மலைக்குப் போனோம். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல. பாதை மலைக்குள் வளைந்து வளைந்து ஏறி, ‘கொகுராகுபாஷி’ என்ற நிலையத்தில் முடிகிறது. சொர்க்கப் பாலம் என்று பொருள். அங்கிருந்து தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறும் கேபிள் கார். மேலே, ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ள ஓர் ஊர். சீனாவுக்குப் போய்க் கற்றுத் திரும்பிய கூகாய் என்ற துறவி 816-ல் பேரரசரிடம் அனுமதி வாங்கி உருவாக்கியது. ஐம்பது கோயில்கள் போல விருந்தினரைத் தங்க வைக்கின்றன.

அன்று மாலை சிறு சிறு சிவப்புக் கிண்ணங்களில் உணவு வந்தது. இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. நம் விரதச் சாப்பாட்டின் விதிகளே. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய ஒரு துண்டு, வாயில் வைத்ததும் கரைந்தது. எட்டு நாளில் முதன்முறையாக அம்மா எதையும் விசாரிக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் பூசை. இருட்டான மண்டபம், நடுவில் சதுரமான அக்கினிக் குண்டம். துறவி குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிணற்றுச் சுவர் போல அடுக்கினார். நீண்ட காம்பு வைத்த கரண்டியால் எண்ணெய் விட்டார். தீ எழுந்தது. இன்னொருவர் பெரிய மேளத்தை அடிக்க, ஓதல் வேகம் பிடித்தது. ஓதலின் கடைசியில் ‘சோவகா’ என்று ஒரு சொல் வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, “ஸ்வாஹா என்றா சொன்னார்?” என்று கேட்டார். ஆம், அதேதான். அந்தச் சடங்குக்கே அங்கே ‘கோமா’ என்று பெயர். ஹோமம் சீனம் வழியாக நடந்துபோய் அடைந்த பெயர் அது. முப்பது வருடமாக வீட்டில் கணபதி ஹோமத்துக்குச் சமித்து எடுத்துக்கொடுத்த கை, அந்தக் குளிரில் மடிமேல் குவிந்திருந்தது.

பிறகு ஒகுனோயின் போனோம். இரண்டு கிலோமீட்டர் நீளும் கல்லறைப் பாதை. இருபுறமும் வானை மறைக்கும் சுகி என்னும் ஊசியிலை மரங்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். பிரபுக்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் கல் இருக்கிறது. கொல்லப்பட்ட கறையான்களுக்காகக் கறையான் ஒழிப்புத் தொழில் செய்வோர் வைத்த கல்லும் இருக்கிறது. ‘நிம்மதியாக உறங்குங்கள்’ என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

அங்கே எங்கு திரும்பினாலும் ஒரே வடிவம். சதுரத்தின் மேல் உருண்டை, அதன் மேல் கூரை, அதன் மேல் பிறை, உச்சியில் மொட்டு. ஐந்து கற்கள். ஒவ்வொன்றிலும் சித்தம் என்ற பழைய எழுத்தில் ஒரு வடமொழி எழுத்து. கீழிருந்து மேலாக நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று கையேட்டைப் பார்த்து நான் படித்துச் சொன்னேன். பாசி படிந்த ஒரு சிறிய கல்லின் முன் அம்மா குனிந்தார். சதுரத்தைத் தொட்டு “காஞ்சிபுரம்” என்றார். உருண்டையைத் தொட்டு “ஆனைக்கா”. பிறகு “அண்ணாமலை”, “காளத்தி”. மொட்டின் மேல் விரல் வைத்தபோது “சிதம்பரம்”. ஐம்பூதத் தலங்களின் வரிசை ஒன்றுகூட மாறவில்லை.

ஜப்பான் சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒசாகா கடைத்தெருவில் ஒரு நாளைக் குறைத்து இங்கே ஓர் இரவு தங்குங்கள்.

* * *

சகோதரி, உங்கள் ‘கோமா’வைப் படித்ததும் எனக்கு நாரா நகரம் நினைவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் மான் பார்க்கத்தான் அங்கே போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் பூங்காவிலும் தெருவிலும் தன் இஷ்டத்துக்கு நடக்கின்றன. மான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலை வணங்கினால் அவையும் வணங்கும். ஆனால் காட்டிவிட்டு ஏமாற்றாதீர்கள். என் சட்டை நுனி போயிற்று. வியப்பு என்னவென்றால், பிஸ்கட் விற்கும் பாட்டியின் பெட்டியில் எந்த மானும் வாய் வைக்கவில்லை. விற்ற பிறகு அது யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் சூழ்ந்துகொள்கின்றன.

தோதாய்ஜி கோயிலில் பெரிய புத்தரின் முன் நின்றிருந்தபோது, வழிகாட்டும் தொண்டு செய்யும் பெரியவர் ஒருவர் எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். முகம் மலர்ந்து “போதைசென்னா!” என்றார். எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். 752-ல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நூலைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார்களாம். ஒரு கை கண் வரைந்தபோது அத்தனை பேரின் கையும் வரைந்ததாகக் கணக்கு. அந்த நூல் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் பத்திரமாக இருக்கிறது. சிலையும் மண்டபமும் போரிலும் தீயிலும் சிதைந்து திரும்பக் கட்டப்பட்டவை. இப்போது நிற்கும் மண்டபம் 1709-ல் எழுந்தது. ஒரு நூல் தப்பியிருக்கிறது! இந்திய வரலாறு படித்து இத்தனை வயதுக்கு வந்தும், அந்தப் பெயரை நாராவில் ஒரு ஜப்பானியர் சொல்லித்தான் கேட்டேன். எனக்கு அது வலித்தது. திரும்பி வந்ததும் பேத்திக்கு முதலில் சொன்ன கதை அதுதான்.

* * *

நானும் சொல்கிறேன், ஹிரோஷிமா அருகே உள்ள மியாஜிமா தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலில் நிற்கும் அந்தச் சிவப்புத் தோரண வாயிலைப் பார்க்கப் போகும் முன், அன்று கடல்நீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் காலையில் போனபோது அது நீரில் மிதந்தது. மாலையில் சேற்றில் நடந்து அதன் காலடிக்கே போய்விட்டேன். நடுவில் உள்ள இரண்டு பெரிய தூண்களும் முழுக் கற்பூர மரம், நான் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. 1875 முதல் நிற்கிறது. தூண்களை மண்ணில் ஆழப் புதைக்கவில்லை. மேலே உத்திரப் பெட்டிக்குள் கற்களை நிரப்பி, தன் எடையாலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்த் தச்சர்களை நினைத்து அங்கேயே கும்பிட்டேன். மேலே கோயாசான் பற்றி எழுதிய சகோதரிக்கு ஒரு கேள்வி: என் மாமியாருக்கு முழங்கால் வலி. அங்கே அழைத்துப் போகலாமா?

* * *

தாராளமாகப் போகலாம். என் அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு. ஒகுனோயினுக்கு முதல் பாலத்திலிருந்து நடக்காதீர்கள். ‘ஒகுனோயின்-மாயே’ நிறுத்தம் வரை பஸ்ஸில் போனால் தூரம் பாதியாகிவிடும். கடைசிப் பாலத்தைத் தாண்டியபின் படம் எடுக்கக் கூடாது, போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். படுக்கை தரையில்தான், எழுந்திருக்கச் சிரமப்படுவார் என்றால் நாற்காலியும் கட்டிலும் உள்ள அறை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், சில கோயில்களில் கொடுக்கிறார்கள். ஏப்ரலிலும் இரவு எலும்பைக் குத்தும் குளிர். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். பூசை மண்டபத்தில் காலணி கிடையாது, தரை பனிக்கட்டியாக இருக்கும்.