கழுத்துத் தண்டுவட டிடிஐ: நோயே இல்லாதவர்களுக்கும் சி5-சி6-ல் எஃப்ஏ இறங்குகிறது, எங்கே தப்பு?

வோக்சல்_சென்னை (கேள்வி)

வணக்கம். எம்டி ரேடியாலஜி தீசிஸுக்காகக் கழுத்துத் தண்டுவடத்துக்கு டிடிஐ (திசுவில் தண்ணீர் எந்தத் திசையில் எவ்வளவு பரவுகிறது என்று பார்க்கும் எம்ஆர்ஐ) எடுக்கிறோம். டிஸ்க் தேய்ந்து தண்டுவடம் நசுங்கியவர்களுக்கு எஃப்ஏ (அந்தப் பரவல் ஒரே திசையில் எவ்வளவு சாய்கிறது என்ற அளவு) எவ்வளவு குறைகிறது, அது எம்ஜோவா ஸ்கோரோடு (கை, கால், சிறுநீர்க் கட்டுப்பாடு எவ்வளவு பாதித்தது என்ற மதிப்பெண்) ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. நோயாளிகளை எடுக்கும் முன் தொந்தரவு எதுவும் இல்லாத சிலருக்கு எடுத்துப் பார்த்தோம். கழுத்தெலும்பின் மேல் மட்டமான சி2-சி3-ல் படம் சுத்தமாக இருக்கிறது. சி5-க்குக் கீழே தண்டுவடம் முன்பக்கமாக இழுபட்டு நிற்கிறது, எஃப்ஏவும் இறங்கிவிடுகிறது.

3 டெஸ்லா, ஹெட்-நெக் காயில், சிங்கிள் ஷாட் இபிஐ (ஒரே தூண்டலில் ஒரு ஸ்லைஸை எடுக்கும் வேக முறை), எஃப்ஓவி (படம் பிடிக்கும் பரப்பின் அகலம்) 180 மிமீ, மேட்ரிக்ஸ் 128, ஸ்லைஸ் 4 மிமீ, எக்கோ ஸ்பேசிங் (அடுத்தடுத்த எக்கோவுக்கு இடைவெளி) 0.8 மில்லி செகண்ட், பேரலல் ஃபேக்டர் (எக்கோ எண்ணிக்கையைக் குறைக்கும் மடங்கு) 2, பி (டிஃப்யூஷன் எடையின் அளவு) 1000, 20 திசை. கேட்டிங் (இதயத் துடிப்போடு சேர்த்து ஸ்கேன் எடுப்பது) இல்லை. ஃபேஸ் என்கோடிங் (இபிஐ படம் இழுபடும் திசை) முன்-பின் திசை. ஆர்ஓஐயை (அளக்க வேண்டிய பகுதியை) எஃப்ஏ மேப் மேலேயே கையால் வரைகிறோம். எதை முதலில் மாற்றலாம்?

கே_ஸ்பேஸ்

டாக்டர், முதலில் எஃப்ஓவி. இபிஐயில் ஒரு இடம் எவ்வளவு நகர்கிறது என்பதைப் பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம்: எஃப்ஓவி × எக்கோ ஸ்பேசிங் × அந்த இடத்தில் காந்தப்புலம் சீராக இல்லாததால் வரும் ஹெர்ட்ஸ் விலகல். பேரலல் 2 என்பதால் எக்கோ ஸ்பேசிங்கைப் பாதியாக, 0.4 மில்லி செகண்டாக எடுங்கள். 180 × 0.0004 = ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.072 மிமீ. டிஸ்க்கும் எலும்பும் மாறி மாறி வரும் கீழ்க்கழுத்தில், அதுவும் தோளும் நுரையீரல் உச்சியும் பக்கத்தில் இருக்கும்போது, 50 ஹெர்ட்ஸ் விலகல் சாதாரணம். அதற்கே 3.6 மிமீ நகர்ந்துவிடும். தண்டுவடத்தின் முன்-பின் அளவே 7, 8 மிமீதான். பாதித் தண்டுவடம் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

கொழுப்பு இன்னும் மோசம். 3 டெஸ்லாவில் தண்ணீருக்கும் கொழுப்புக்கும் சுமார் 440 ஹெர்ட்ஸ் வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட 32 மிமீ. ஃபேட் சப்ரஷன் (கொழுப்பின் சிக்னலை அடக்குவது) கீழ்க்கழுத்தில் கொஞ்சம் தவறினாலும், பிடரிக் கொழுப்பு நேராகத் தண்டுவடத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிஃப்யூஷன் எடை இல்லாத பி0 படத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. பி 1000 படத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கொழுப்பு டிஃப்யூஸ் ஆவது மிகக் குறைவு என்பதால் அங்கே அது பளிச்சென்று வளைந்த கோடாகத் தெரியும்.

உங்கள் மெஷினில் குறுகிய எஃப்ஓவி சீக்வன்ஸ் (ஸ்கேன் எடுக்கும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். சீமென்ஸில் ஜூமிட், ஜிஇயில் ஃபோகஸ், பிலிப்ஸில் ஐஜூம் என்று பெயர். எஃப்ஓவி 45 மிமீ, எக்கோ ஸ்பேசிங் 1 மில்லி செகண்ட் என்றால் ஹெர்ட்ஸுக்கு 0.045 மிமீ, 50 ஹெர்ட்ஸுக்கு 2.25 மிமீ. பூஜ்யம் ஆகாது, ஆனால் சமாளிக்கலாம். காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம் பாக்ஸையும் கழுத்து முழுக்கப் போடாமல் முதுகெலும்புக் கால்வாயை ஒட்டிச் சிறிதாகப் போடுங்கள், தொண்டைக் காற்று உள்ளே வரக் கூடாது.

2021-ல் வெளியான ஸ்பைன் ஜெனரிக் புரோட்டோகாலை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது: ஸ்லைஸின் தளத்துக்குள் ஒரு புள்ளி 0.9 மிமீ, ஸ்லைஸ் 5 மிமீ, பி 800, 30 திசை. மூன்று கம்பெனி மெஷினுக்கும் செட்டிங் இருக்கிறது. சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்தால் வைவாவில் ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

டேபிள்_பக்கம்

சீக்வன்ஸ் மாற்றும் முன் ஆளைப் பாருங்கள் மேடம்/சார். நம்ம ஊரில் தாலிச் செயினைக் கழற்ற மனசு வராது. தங்கம் தானே என்று டெக்னீஷியனும் விட்டுவிடுவார். ஆனால் அந்தச் செயினில் இரண்டு ஊக்கு மாட்டியிருக்கும்! ஊக்கு இரும்பு. உள்ளே கொண்டுபோகவே கூடாத பொருள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டித் தயாராக வைத்திருங்கள், அதைப் போட்டுவிட்டு செயினைக் கழற்றச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கழுத்தில் தாயத்து, பூவைச் செருகிய ஹேர்பின், கழற்றும் பல்செட், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும்.

கேட்டிங் கண்டிப்பாக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் தண்டுவடம் ஒரு தடவை அசைகிறது, சுற்றியுள்ள திரவமும் ஓடுகிறது. விரலில் பல்ஸ் சென்சார் போதும். இதயத்திலிருந்து விரலுக்குத் துடிப்பு வந்து சேரச் சுமார் கால் செகண்ட் ஆவதால், சிக்னல் வரும்போது அசைவின் உச்சம் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஒரு துடிப்புக்கு 4 ஸ்லைஸ், மொத்தம் 20 ஸ்லைஸ் என்றால் ஒரு வால்யூமுக்கு (எல்லா ஸ்லைஸையும் ஒருமுறை எடுப்பதற்கு) 5 துடிப்பு. நிமிடத்துக்கு 75 துடிப்பு இருந்தால் 4 செகண்ட். 5 பி0 + 30 திசை, ஆக 35 வால்யூமுக்கு 140 செகண்ட். இரண்டரை நிமிடத்துக்குள் முடிகிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஏசி குளிரில் விரல் சில்லிட்டால் பல்ஸ் விட்டு விட்டு வரும். கைக்கும் சேர்த்துப் போர்வை போடுங்கள். அடர்நிற நெயில் பாலிஷ் இருந்தால் வேறு விரல் பாருங்கள். எச்சில் விழுங்குவதை ஒரு சீக்வன்ஸ் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொன்றும் தொடங்கும் முன் மைக்கில் நினைவுபடுத்துங்கள்.

மாஸ்க்_வரைபவர்

ஆர்ஓஐயை எஃப்ஏ மேப் மேல் வரைவதுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தெரிகிறது. எஃப்ஏ குறைந்த ஓரத்தைக் கண் தானாகவே ஒதுக்கிவிடும். பிறகு எஃப்ஏ எவ்வளவு என்று கேட்பதில் என்ன பொருள்? எல்லா டிஃப்யூஷன் வால்யூமையும் சராசரி எடுத்து அதில் வரையுங்கள். அங்கே திரவம் கறுத்து, தண்டுவடம் வெளுத்து நிற்கும்.

உங்கள் வோக்சல் (படத்தின் ஒரு புள்ளி, எஃப்ஓவி ÷ மேட்ரிக்ஸ்) 1.4 மிமீ. 7 மிமீ தண்டுவடத்துக்கு முன்-பின் 5 வோக்சல். இரண்டு ஓரத்தையும் கழித்தால் 3. நசுங்கி 5 மிமீ ஆனவருக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ஒரு வோக்சலில் கால்வாசி திரவம் கலந்தாலே போதும்: தண்டுவடத்தின் எம்டி (தண்ணீரின் சராசரிப் பரவல்) 1, திரவத்தின் எம்டி 3 என்று வைத்தால் (10⁻³ மிமீ²/செகண்ட்) கலவை சுமார் 1.5 ஆகிவிடும், எஃப்ஏவும் கூடவே விழும். நரம்பு நாரில் எந்தக் கேடும் இல்லாமலே கேடு மாதிரித் தெரியும். அதனால் எஃப்ஏவோடு எம்டியையும், அந்த மட்டத்துக் குறுக்குப் பரப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஸ்பைனல் கார்ட் டூல்பாக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அசைவுத் திருத்தத்தை அதிலேயே செய்யுங்கள், ஸ்லைஸ் ஸ்லைஸாக நகர்த்தும். மூளைக்கான மென்பொருள் முழுப் படத்தையும் ஒரே கட்டையாக நகர்த்தப் பார்க்கும், கழுத்து அப்படி அசையாது. நசுங்கிய இடத்தில் தானியங்கி மாஸ்க் (தண்டுவடத்தை மட்டும் பிரித்துக் குறிப்பது) தவறும், டிஸ்க் லேபிளும் ஒன்று தள்ளி விழும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். திருத்துபவருக்கு அந்த ஆளின் எம்ஜோவா தெரியக் கூடாது.

வோக்சல்_சென்னை

மூவருக்கும் மிக்க நன்றி. பி 1000 படங்களைத் திறந்தேன், வளைந்த வெள்ளைக் கோடு சி6-ல் தண்டுவடத்தின் மேலேயே ஓடுகிறது. ஒரு சந்தேகம்: நோயாளியின் சி5-சி6-ஐ அவருடைய சி2-சி3-ஓடு ஒப்பிட்டால் கன்ட்ரோல் ஆட்கள் இல்லாமல் சமாளிக்கலாமா?

மாஸ்க்_வரைபவர்

முடியாது. நல்ல தண்டுவடத்திலும் கீழே போகப் போக எஃப்ஏ மாறும், வயதோடும் குறையும். அதே வயதுக்காரர்களின் அதே மட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அவர்களில் சிலரை டேபிளிலிருந்து இறக்கி, மறுபடி படுக்கவைத்து இரண்டாம் முறை எடுங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பிறகு சாம்பிள் சைஸ் கணக்கைப் போடுங்கள். சீக்வன்ஸ் மாறுவதால் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.