எஸ்இஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படத்துக்கு கலர் போட்டு போட்டிக்கு அனுப்பலாமா, இல்ல அது பொய்யா?

உடைஞ்சஷாஃப்ட்:
வணக்கம். மெக்கானிக்கல் முடிச்சிட்டு இப்ப மெட்டீரியல்ஸ் பக்கம் ரிசர்ச் பண்றேன். ஃபட்டீக்ல, அதாவது திரும்பத் திரும்ப சுமை ஏறி இறங்கினதுல உடைஞ்ச ஒரு ஸ்டீல் ஷாஃப்ட்டோட (சுழலும் தண்டு) முறிஞ்ச முகத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல எடுத்தேன், அலை வந்துட்டுப் போன மணல் மாதிரி வரி வரியா அப்படி ஒரு அழகு. அறிவியல், இன்ஜினியரிங் படங்களுக்குன்னு நடக்குற போட்டி ஒண்ணுக்கு அனுப்பலாம்னு ஆசை. லேப் சீனியர் என்ன சொல்றாருன்னா கருப்பு வெள்ளையா அனுப்பினா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க, தங்க கலரும் ஊதாவும் போடுன்னு. எனக்கு மனசு ஒப்பல. அந்த ஸ்டீல்ல ஊதா எங்க இருக்கு? போட்டிக்கு அனுப்பி அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

பிக்சல்பித்தன்:
உங்க தயக்கம் புரியுது, ஆனா ஒண்ணு யோசிங்க, அந்தக் கருப்பு வெள்ளை மட்டும் ஸ்டீலோட கலரா? எஸ்இஎம்ல ஒளியே கிடையாது. எலக்ட்ரான் கற்றை புள்ளி புள்ளியா நகருது, ஒவ்வொரு புள்ளியிலயும் எத்தனை எலக்ட்ரான் டிடெக்டருக்கு வந்துச்சோ அந்த அளவுக்கு வெளிச்சம், அதனாலதான் விளிம்பெல்லாம் பளிச்னு தெரியுது. அதாவது அந்த சாம்பல் நிறமும் நாம ஒரு எண்ணுக்குக் கொடுத்த நிறம்தான். 2019ல எம்87 கருந்துளை படம் வந்துச்சே, 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைல எடுத்தது, அந்த ஆரஞ்சு அவங்க தேர்ந்தெடுத்த கலர். 1995ல ஹபிள் எடுத்த அந்தத் தூண் தூணா நிக்கிற நெபுலா படத்துல கந்தகத்துக்கு சிவப்பு, ஹைட்ரஜனுக்கு பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். உண்மையில கந்தகம், ஹைட்ரஜன் ரெண்டு ஒளியுமே சிவப்புதான், அப்படியே விட்டிருந்தா எது எங்க இருக்குன்னு கண்ணால பிரிச்சே பாத்திருக்க முடியாது.

பழைய_லேப்_ஆள்:
மேல சொன்னது சரி, ஆனா அதை வச்சு தங்கம் ஊதா எல்லாம் ஓகேன்னு எடுத்துக்காதீங்க தம்பி. ஹபிள் படத்துல ஒவ்வொரு கலரும் ஒரு தனிமத்தைக் காட்டுது, உங்க சீனியர் சொல்ற ஊதா எதைக் காட்டுது? கேள்வி அதுதான்.

அமெரிக்காவுல என்எஸ்எஃப்பும் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) சயன்ஸ் பத்திரிகையும் சேர்ந்து 2003ல இருந்து இப்படி ஒரு போட்டி நடத்தினாங்க, பின்னாடி பாப்புலர் சயன்ஸ் பத்திரிகையோட சேர்ந்து விஸ்ஸீஸ்னு பேர் மாறுச்சு. 2012ல போட்டோ பிரிவுல முதல் பரிசு வாங்கினது கடல் முள்ளெலியோட பல்லு. அதுவும் எஸ்இஎம் படம்தான், அதுக்கும் கலர் போட்டிருந்தாங்க, நீலம் பச்சைன்னு கண்ணைப் பறிக்கும். ஆனா ஒவ்வொரு நிறமும் ஒரே தொடர்ச்சியான ஒரு கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகம். பாறையைக் குடையிற அந்தப் பல்லு எத்தனை படிகம் பின்னிப் பிணைஞ்சு உண்டானதுன்னு கலரைப் பாத்தே தெரிஞ்சிரும், கலரை எடுத்துட்டா ஒரு சாம்பல் குவியல். கலர் அங்க அலங்காரம் இல்ல, அதுதான் விஷயமே.

உங்க படத்துலயும் அது இருக்கு. விரிசல் ஆரம்பிச்ச இடம், அது கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்த வரிப் பகுதி, கடைசியா தாங்க முடியாம ஒரேயடியா முறிஞ்ச குழி குழியான பகுதி. மூணுக்கும் மூணு நிறம் கொடுங்க. இன்ஜினியரிங் தெரியாதவங்க கூட அந்த ஷாஃப்ட் எப்படி செத்துச்சுன்னு படிச்சிருவாங்க.

நிறமிலி:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. எனக்கு சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாது, அதனால இதைச் சொல்லியே ஆகணும். அந்த மூணு நிறத்துல சிவப்பையும் பச்சையையும் பக்கத்துல பக்கத்துல வச்சீங்கன்னா எனக்கு உங்க படம் ஒண்ணுமே சொல்லாது. நீலம், மஞ்சள் மாதிரி வைங்க, அதுலயும் ஒண்ணு அடர்த்தி ஒண்ணு வெளிர்னு இருக்கணும். இன்னொண்ணு, கலரை கெட்டியா பூசினா அந்த மெல்லிசு வரி எல்லாம் அமுங்கிரும், சில இடத்துல ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கூட இருக்காது, அதுதானே உங்க படத்தோட உயிர். மேல லேசா ஒரு சாயம் மட்டும் போதும், கீழ இருக்கிற வெளிச்சம் நிழலைத் தொடாதீங்க. ஓரத்துல அளவு காட்டுற கோடு இருக்கே, அந்த ஸ்கேல் பாரை வெட்டிராதீங்க.

பழைய_லேப்_ஆள்:
நிறமிலி சொன்னது நான் விட்டுட்டது, நன்றி. அதோட விளக்கத்துலயே கலர் பின்னாடி சேர்த்ததுன்னு எழுதிருங்க, எந்த நிறம் எந்தப் பகுதின்னும். ஒரிஜினல் ஃபைலை தனியா பத்திரமா வைங்க, போட்டிக்காரங்க கேட்டா கொடுக்கணும். எடிட்டிங் எவ்வளவு அனுமதின்னு போட்டிக்குப் போட்டி மாறும், ரூல்ஸை முதல்ல படிச்சிட்டு கை வைங்க.

உடைஞ்சஷாஃப்ட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து முதல் பகுதிக்கு மட்டும் மஞ்சள், வரிப் பகுதிக்கு வெளிர் நீலம், கடைசிப் பகுதியை கலரே போடாம விட்டேன். அப்பதான் கவனிச்சேன், விரிசல் ஒரு இடத்துல இல்ல, ரெண்டு இடத்துல ஆரம்பிச்சிருக்கு! மூணு மாசமா இதே படத்தைப் பாத்துட்டு இருந்திருக்கேன், கண்ணுல படவே இல்ல. இப்ப போட்டிக்கு முன்னாடி என் ரிசர்ச் கைட் கிட்ட காட்டணும், ரிப்போர்ட்ல ஒரு ஆரம்பம்னுதான் எழுதி வச்சிருக்கேன்.