பெருந்தரவா, திரள்தரவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வழக்கமான முறைகளால் கையாள முடியாத அளவுக்குப் பெருகி வரும் தரவைக் குறிக்கும் பிக் டேட்டா (big data) என்பதற்குப் ‘பெருந்தரவு’ என்ற சொல் ஏற்கெனவே புழங்கி வரும்போது ‘திரள்தரவு’ என்ற மாற்று எதற்கு என்ற கேள்விக்கு, அதை முன்மொழிந்த நண்பர் தந்த விளக்கம் கவனிக்கத் தக்கது. 2001ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பப் பகுப்பாய்வாளர் டக் லேனி தரவு மேலாண்மையின் சவால்களாக அளவு, விரைவு, வகைமை என மூன்றைச் சுட்டினார். இவற்றுள் முதலாவதை மட்டுமே ‘பெரு’ என்னும் அடை தாங்குகிறது என்பது நண்பருடைய வாதம். ‘திரள்தரவு’ வினைத்தொகை ஆகையால், திரண்ட, திரள்கின்ற, திரளும் தரவு என முக்காலத்தையும் உள்ளடக்கி, தரவு இடையறாமல் வந்து சேர்வதையும் உணர்த்திவிடுகிறது. ளகரத்தின் பின் வரும் தகரம் டகரமாகத் திரிய வேண்டாமா என்று மற்றொருவர் கேட்டிருந்தார். ‘நாடோறும்’ என்பதை ‘நாள்தோறும்’ என்று எழுதிப் பழகிவிட்ட இன்றைய உரைநடைக்குத் ‘திரடரவு’ தேவையில்லை என்றே கருதுகிறேன்.

சொல் அழகாகவே இருக்கிறது. ஆயினும் ‘திரள்’ தன்வினை. திரட்டியவர் யார், எதற்காகத் திரட்டினார் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. என் தயக்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நன்மை விளைந்த இடங்களில் இந்தக் குறை உறுத்துவதில்லை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியை நிலநடுக்கம் தாக்கிய பின்பு, தலைநகரை விட்டு எத்தனை பேர் எந்தப் பகுதிகளுக்குப் போனார்கள் என்பதை, ஏறத்தாழ 19 லட்சம் சிம் அட்டைகள் எந்தெந்தக் கைபேசிக் கோபுரங்களோடு தொடர்பு கொண்டன என்ற பதிவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நிவாரணப் பணிக்கென்று எவரும் அப்பதிவுகளை உண்டாக்கவில்லை. தொலைபேசிச் சேவையின் அன்றாட இயக்கத்திலேயே அவை உருவாகியிருந்தன. இங்கே தரவு திரண்டது என்று சொன்னால் பிழையில்லை.

ஆனால் அதே வகைப் பதிவு வேறு கைகளில் என்ன ஆகும் என்று பாருங்கள். சுமார் 15 லட்சம் பேரின் கைபேசி இடத்தடங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருந்தார் என்ற விவரம் நான்கு தெரிந்தாலே, அவர்களில் 95 விழுக்காட்டினரின் தடங்களைத் தனித்தனியே பிரித்தறிந்துவிடலாம் என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டோம் என்ற உறுதிமொழிக்கு அதன்பின் அதிகப் பொருளில்லை. இடம்பெயர்ந்தோரைக் கண்டறிய உதவிய பதிவே ஒரு செய்தியாளரையோ, வீட்டை விட்டுத் தப்பிச் சென்ற பெண்ணையோ பின்தொடரவும் உதவும். அப்போது ‘திரண்டது’ என்ற சொல், வைத்திருப்பவருக்கு வசதியான ஒரு மறைப்பாகிவிடும்.

மருத்துவத் துறையிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் கூடுதல் கவனிப்புக்குரிய நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட ஒரு கணினி நெறிமுறை, நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவையே அளவுகோலாகக் கொண்டது. கறுப்பின மக்களுக்கு அதே அளவு நோய்க்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அதிகம் நோயுற்றிருந்தும் அவர்கள் வரிசையில் பின்தள்ளப்பட்டனர். இக்கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று 2019இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. செலவை அளவுகோலாக்கியது தரவு அன்று. அது சில மனிதர்கள் எடுத்த முடிவு. அரசு நிர்வாகத்துக்கு நெதர்லாந்தின் எடுத்துக்காட்டு ஒன்றே போதும். பல துறைகளின் பதிவுகளை இணைத்து நலத்திட்ட மோசடியை ஊகித்த ‘சிரி’ என்னும் அமைப்பைத் தனியுரிமை காரணமாக ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தடுத்தது. அப்பதிவுகளும் தாமாகத் திரளவில்லை, திரட்டப்பட்டவை.

அப்படியானால் ‘திரட்டுத்தரவு’ என்று பிறவினையாக்கலாமே என்று தோன்றும். அது கணக்கெடுப்பு அலுவலர் வீடு வீடாகச் சென்று பெற்ற விவரத்துக்குத்தான் பொருந்தும். தேடுபொறியில் தட்டப்பட்ட சொற்களுக்குப் பொருந்தாது.

ஆகவே துறைப்பெயராகப் ‘பெருந்தரவு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அது அளவை மட்டும் சொல்லி நின்றுகொள்கிறது. எவரையும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. அளவு ஒன்றே உண்மையைத் தந்துவிடும் என்ற மயக்கத்தை அது வளர்க்கும் என்பது நியாயமான அச்சமே. கோடிக்கணக்கான தேடல்களை நம்பி 2008இல் தொடங்கப்பட்ட கூகுளின் ஃப்ளூ கணிப்பு, 2012-13 குளிர்காலத்தில் உண்மை நிலவரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு காட்டிப் பெயர் கெட்டது. அம்மயக்கத்தைத் தீர்ப்பது துறையின் வேலை. பெயரின் மீது அச்சுமையை ஏற்ற முடியாது.

தரவு தொடர்ந்து திரண்டு வருவதையும் சொல்ல வேண்டும் என்ற நண்பரின் அக்கறைக்குத் தனிச்சொல் வேண்டும்தான். வேறொரு செயலின் ஊடே பதிவாகிவிடும் தரவைத் ‘துணைவிளைதரவு’ என்று அழைக்கலாம். ‘துணைவிளைபொருள்’ ஏற்கெனவே பாடநூல்களில் இருப்பதால் பொருள் உடனே புரியும், மூலச்செயல் எது என்ற கேள்வியும் கூடவே எழும். பெயர் நீக்கப்பட்ட தரவிலிருந்து ஆளை மீண்டும் கண்டறிவதற்கு ‘மீளடையாளப்படுத்தல்’ என்பது நீளமாயினும் தெளிவானது. இதைவிடச் சுருக்கமானது தோன்றினால் எழுதுங்கள்.

எழுத்து முறை பற்றி ஒன்று. பெருமை + தரவு என்பதில் ஈறு கெட்டு இனமெழுத்து மிகுவதால் ‘பெருந்தரவு’ என்பதே சரி, ‘பெரும்தரவு’ வேண்டாம். துறைப்பெயராக வரும்போது ‘பெருந்தரவுகள்’ என்ற பன்மையும் தேவைப்படாது. எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தரவுத்தொகுதிகள்’ போதும்.