மறு: சங்கப் பணத்தில் எத்தனால் ஆலை

அன்பான ஊர்க்காரங்களுக்கு,

சங்கப் பணத்தைப் போட்டு, கதம்பலில் (தேங்காய் மட்டையில்) எத்தனால், அதாவது பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம், எடுக்கும் ஆலை வைக்கலாம் என்று வந்த யோசனையை விட்டுவிடலாம். 2022-ல் பானிபட்டில் இந்தியன் ஆயில் தொடங்கிய ஆலைக்கு 900 கோடிக்கு மேல் செலவு. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் போட்டால் 3 கோடி லிட்டர் என்பது அதன் கணக்கு. வைக்கோலுக்கே இந்தப் பாடு. கதம்பலில் லிக்னின் (நாரை இறுக்கிப் பிடிக்கும் பொருள்) இன்னும் அதிகம். அதை உடைக்காமல் நொதியால் (என்சைம்) நாரிலிருந்து சர்க்கரையைப் பிரிக்க முடியாது, சர்க்கரை இல்லாமல் எத்தனால் இல்லை. எரிசாராய உரிமம் வேறு வாங்கணும்.

நமக்குத் தோதானது தேங்காய்ச் சிரட்டைக்கரி. 200 லிட்டர் இரும்பு டிரம்மின் பக்கவாட்டில் கீழ், நடு, மேல் என மூன்று வரிசையாக ஓரங்குலத் துளைகள் போடணும். அடியில் கொஞ்சம் சிரட்டையைப் பற்றவைத்து, பிடித்ததும் மேலே மேலே கொட்டி நிரப்பணும். கீழ்த்துளையில் செந்தணல் தெரிந்தால் அந்த வரிசையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு நடுவரிசைக்குக் காத்திருக்கணும், பிறகு மேல்வரிசை. வெள்ளைப் புகை அடங்கி மெல்லிய நீலமாக மாறினால் கரி ஆகிவிட்டது. மூடியைப் போட்டு விளிம்பைச் சேற்றால் பூசி, மறுநாள் வரை தொடக்கூடாது.

கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டதும் தணல் மறுபடி பிடித்துக்கொள்ளும். விளிம்பில் கசிவு இருந்தால் காலையில் சாம்பல்தான் மிச்சம். ஈரச் சிரட்டை தண்ணீரை விரட்டவே தன் சூட்டைச் செலவழிக்கும். ஆனி, ஐப்பசி மழையில் கூரைக்கடியில் சேர்த்துவைத்து, தை, மாசி வெயிலில் சுடுவது நல்லது. நன்றாகச் சுட்டால் 100 கிலோவுக்கு 25 முதல் 30 கிலோ கரி தேறும். 35, 40 வந்தது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீங்க. உள்ளே வேகாத சிரட்டை இருக்கும், கரியை வாங்கும் ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டப் பயன்படும் கரி) ஆலைக்காரர் விலையைக் குறைப்பார்.

கரியைச் சலித்த தூளை வாழைக்குப் போடலாம், ஆனால் அப்படியே அல்ல. சாணிக்கரைசலில் இரண்டு வாரம் ஊறவைக்கணும். இல்லாவிட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கரியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மரச்சீனி (மரவள்ளி) தோலும் வாழைத்தடையும் (வாழைத்தண்டு மட்டை) ஈரச் சரக்கு; அவை சாண எரிவாயுக் கலத்துக்கு. சாணத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கணும். தோலை மொத்தமாகக் கொட்டினால் கலம் புளித்து, வாயு எரியாது. அப்படி ஆனால் தீனியை நிறுத்திச் சாணக்கரைசல் மட்டும் ஊற்றணும்.

பழைய டிரம் வாங்கும்போது பூச்சிமருந்து வந்த டிரம்மா என்று கேட்டுப் பாருங்க. அது வேண்டவே வேண்டாம்.