யுத்த நிதிக்குக் கொடுத்த காசு: உங்கள் அனுபவம் என்ன?

வெண்ணாற்றங்கரை

சீனாவோடு சண்டை வந்தபோது அரசு யுத்த நிதி திரட்டியது, பள்ளிப் பிள்ளைகளிடமும் உண்டியல் வைத்து வசூலித்தார்கள். பலருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1962, நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். சண்டை தொடங்கிய மறுவாரமே தீபாவளி. பட்டாசுக்கு வைத்திருந்த நயா பைசாக்கள் எல்லாம் வகுப்புக்கு வந்துவிட்டன. காலை வழிபாட்டில் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வாசிப்பார்கள். பெயர் வந்தவன் முன்னால் போய் நிற்பான், மற்றவர்கள் கை தட்டுவார்கள். ஒருநாள் பண்ணையாள் வீட்டுப் பையன் ஒருவன் கோழிமுட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொண்டார்கள். வழிபாட்டில் அவன் பெயர் வரவில்லை. நோட்டில் ரூபாய்க்கு ஒரு கட்டம், பைசாவுக்கு ஒரு கட்டம்; முட்டையை எதில் எழுதுவது? கைதட்டல் ஓயும்வரை அவன் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தபடியே நின்றான். அந்த முட்டையை யார் சாப்பிட்டார்கள் என்று எனக்கு இன்றும் தெரிய வேண்டும்.

குடந்தைக்காரர்

மேலே எழுதியவர் ஆசிரியர்களை ஏதோ பிடுங்கித் தின்றவர்கள் போலக் காட்டுகிறார். அந்தக் காலம் அப்படியா? திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த அண்ணாவே அதை ஒதுக்கி வைத்துவிட்டு அரசின் பக்கம் நின்றார். தங்கத்தை வாங்கிக்கொண்டு அரசு தங்கப் பத்திரம் கொடுத்தது. ஆறரை சதவீத வட்டி, 15 ஆண்டுகள். வசதி உள்ளவர்கள் பத்திரம் வாங்கினார்கள், எங்களைப் போன்றவர்கள் சும்மாவே கொடுத்தோம். கும்பகோணத்தில் நடந்த கூட்டத்தில் என் அக்காள் மேடையேறித் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். எட்டு வயது. குழந்தையின் தோடு வேண்டாம் என்று அதிகாரி திருப்பி நீட்டினார். இவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு கல்யாணம் பேசும்வரை காதில் வேப்பங்குச்சிதான். யாரும் வற்புறுத்தவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அக்காள் எழுந்து போய்விடுகிறாள்.

ஐயாற்றுப் பேத்தி

என்னுடையது இல்லை, அப்பாயியுடையது. வெள்ளைக்காரன் காலம், இரண்டாம் உலகப் போர். திருவையாற்றுக்கு ஒலிபெருக்கி வண்டி வந்ததாம். விமானப் படத்தைக் காட்டி, நீங்கள் போடும் காசு இதில் ஓர் ஆணியாகும் என்று பிள்ளைகளிடம் சொன்னார்களாம். அப்பாயி ஓட்டைக் காலணாவைப் போட்டார். (அந்த ஓட்டையே போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் 1943இல் வந்ததுதான்.) பிரிட்டிஷ் விமானப் படையில் மதராஸ் மாகாணத்தின் பெயர் தாங்கிய பிரிவே இருந்தது என்று பின்னால் படித்தேன். அப்பாயிக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் சாகும்வரை தலைக்கு மேல் எந்த விமானம் போனாலும், "என் காலணா போகிறது பார்" என்பார். கிண்டலா பெருமையா, முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது.

மலைக்கோட்டை அப்பா

கார்கில், 1999. எங்கள் திருச்சியின் மேஜர் சரவணன் படாலிக்கில் வீரமரணம் அடைந்திருந்த நேரம். பள்ளி திறந்ததும் என் மகள் சைக்கிளுக்குச் சேர்த்த பணத்தை எல்லாம் அங்கே நிதிக்கு வைத்திருந்த தகர டப்பாவில் போட்டுவிட்டு வந்தாள். டப்பாவுக்குப் பூட்டு இல்லை.

பெற்றோர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கொடுப்பதானால் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு நேரடியாகக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். பழைய வருமான வரி முறையில் நன்கொடைக்கான பிரிவின் கீழ் (1961 சட்டத்தில் 80ஜி) முழுத் தொகைக்கும் விலக்கு உண்டு. பள்ளியில் வசூலித்தால் இரண்டு பெற்றோர் முன்னிலையில் எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயரைப் பலகையில் எழுத விடாதீர்கள். பத்து வயது ஆனதும் அஞ்சலகத்தில் பிள்ளை பெயரில் கணக்குத் தொடங்குங்கள், அவர்களே நடத்தலாம். கையில் காசு இருந்தால்தானே டப்பாவில் விழும்? குடந்தைக்காரர் ஐயா, தோட்டுக்கும் அன்றே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

மன்னை விடுதி மாணவன்

ரசீது ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் கொடுத்தது சோறு, அதற்கு எந்தப் பிரிவில் விலக்கு? 1965 பாகிஸ்தான் சண்டை நேரத்தில் பிரதமர் சாஸ்திரி, உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார். எங்கள் விடுதியில் திங்கள் இரவு அடுப்பு மூட்டுவதில்லை. உலகப் போரில் அமெரிக்கப் பிள்ளைகள் 10 சென்ட், 25 சென்ட் சேமிப்பு முத்திரைகளை வாங்கி ஒட்டி 18.75 டாலர் சேர்த்தால் அரசின் போர்ப் பத்திரம் கிடைத்தது, பத்தாண்டில் 25 டாலராகத் திரும்பியது. எங்களுக்குத் திரும்பியது செவ்வாய்க்கிழமை காலைக் கஞ்சி. சுற்றிலும் நெல் வயல், உள்ளே பட்டினி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஒரு திங்கள் இரவு வார்டன் அறையிலிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. வரிசையாகப் பாயில் படுத்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். போய்க் கேட்க எவனுக்கும் துணிச்சல் இல்லை.