பனிக்காலத்தில் கனடா போகிறோம்: வீட்டோடு ஒட்டிய கராஜில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தை வாசி

அனைவருக்கும் வணக்கம். மகளின் முதற் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஜனவரி முதல் வாரத்தில் ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள மார்க்கம் நகருக்குச் செல்கிறோம். மார்ச் இறுதிவரை அங்கேதான் இருப்போம். எனக்கு அறுபத்து மூன்று வயது. நான் கண்ட மிகக் கடுமையான குளிர், நுவரெலியாவில் ஒரு பெப்ரவரி விடியலில் புல்வெளியில் வெள்ளையாகப் படிந்திருந்த துகள் உறைபனிதான். அதுவும் வெயில் ஏறியதும் கரைந்துபோயிற்று.

மருமகன் காலை ஐந்தரை மணிக்கே வேலைக்கு வெளிக்கிடுபவர். அவருக்கு முன்னர் எழுந்து கராஜுக்குள் நிற்கும் காரை இயக்கிச் சூடாக்கி வைப்பது, வெளியே நிற்கும் மகளின் காரில் ஐஸ் பிடித்திருந்தால் கேத்தல் தண்ணீரை ஊற்றிக் கரைப்பது, வாசலில் கிடக்கும் பனியைத் தள்ளுவது ஆகியவற்றை நான் பொறுப்பேற்கலாம் என்று நினைத்திருக்கிறேன். மீன் பொரிக்கும் மணம் மகளுக்கு இப்போது ஒத்துவராததால், கராஜில் காஸ் அடுப்பு வைத்துச் சமைக்கலாம் என்பது மனைவியின் எண்ணம். அங்கே நம்மவர் பலர் அப்படித்தான் சமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மகளோ, "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அப்பா, வந்து இருந்தால் போதும்" என்கிறாள். பிள்ளைகள் கஷ்டப்படும்போது சும்மா இருக்க என்னால் முடியாது. அங்கு வாழ்ந்து திரும்பியவர்கள் தயவுசெய்து சொல்லித் தாருங்கள்.

பதில்: தெஹிவளையிலிருந்து (ஸ்காபரோவில் 22 ஆண்டுகள் இருந்தவன்)

ஐயா, உங்கள் மனம் புரிகிறது. ஆனால் காரைக் கராஜுக்குள் இயக்கிச் சூடாக்கும் எண்ணத்தை இன்றே கைவிட்டுவிடுங்கள். கொழும்பில் கராஜ் என்றால் வாகனம் திருத்தும் இடம் என்றுதான் நினைப்போம். அங்கே அது வீட்டின் ஓர் அறை. அதன் கதவு நேரே வீட்டுக்குள் திறக்கும், பல வீடுகளில் படுக்கையறை அதன் மேலேயே இருக்கும். புகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜின் பெரிய கதவைத் திறந்து வைத்தாலும் அது உள்ளே தங்கி, சுவர் இடுக்குகள் வழியே வீட்டுக்குள் ஏறும்.

இதை நான் அனுபவித்தே எழுதுகிறேன். எங்கள் முதலாவது பனிக்காலத்தில், கதவை அரைவாசி உயர்த்திவிட்டு, காரை ஓடவிட்டபடி தேநீர் குடிக்க உள்ளே வந்தேன். கோப்பையில் பாதிகூட முடியவில்லை, மாடிப்படிக்கு மேலே இருந்த, அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. அதற்கு நேர் எதிரே என் இரண்டு வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையோடு அவனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலுடன் பனிக்குள் ஓடிய அந்தக் காலையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இக்காலத்துக் கார்களுக்கு நீண்ட நேரச் சூடாக்கல் தேவையே இல்லை. இயக்கியவுடன் வெளியே எடுத்து, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டிச் சென்றால் போதும். கராஜோடு ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இந்த அலாரம் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம். போய் இறங்கிய முதல் நாளே அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தால் பயணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து 911 இலக்கத்தை அழையுங்கள்.

கேத்தல் தண்ணீரும் வேண்டாம். உறைந்த கண்ணாடியில் கொதிநீர் பட்டால் வெடித்துவிடக்கூடும். வழிந்த நீர் சில நிமிடங்களில் உங்கள் காலடியிலேயே ஐஸாகும்.

பதில்: பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய்

அண்ணா, மச்சாளிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். கராஜில் சமைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே சிலிண்டரில் வரும் புரொப்பேன் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும்; அதனால்தான் சிலிண்டரை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்கக் கூடாது என்கிறார்கள். குளிருக்குக் கதவை மூடிக்கொண்டு அடுப்பை எரித்தால் மேலே தம்பி எழுதிய அதே நச்சுவாயு அங்கும் சேரும். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் ஐஸ் மழை பெய்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் உள்ளே கொண்டுவந்து நோயுற்றவர்கள் இருந்தார்கள். மீனுக்கு மஞ்சளும் தூளும் பிரட்டி ஓவனில் வையுங்கள். மணம் மிகக் குறைவு.

இன்னொன்று. டயரிலும் சில்லு மறைவிலும் ஒட்டி வரும் பனி கராஜுக்குள் கரைந்து, இரவில் கண்ணாடித்தாள்போல் மீண்டும் உறைந்துவிடும். குப்பை வாளியை எடுக்க வீட்டுச் செருப்போடு இறங்கி, அதில் வழுக்கித்தான் என் வலது மணிக்கட்டு முறிந்தது. தரையில் தண்ணீரைக் கண்டவுடன் தும்புத்தடியால் வெளியே தள்ளிவிடுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை மெக்கானிக்

சில சிறு விடயங்கள். கராஜ் கதவின் அடி றப்பர் தரையோடு உறைந்திருந்தால் றிமோட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், மோட்டர் பழுதாகும். முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடேற்றி விடுவியுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருப்பதால், வெளிக்குழாய்க்குரிய வால்வை உள்ளே பூட்டி, வெளித்திருகைத் திறந்து வடியவிட வேண்டும். மருமகன் செய்துவிட்டாரா என்று கேளுங்கள். சாதாரண உப்பு பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை அளவில் வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும்; அதற்கும் கீழான குளிருக்குக் கல்சியம் குளோரைட்டு உண்டு. வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தின் வெள்ளைக் குழாய்கள் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தால், அவற்றின் வாயைப் பனி மூடவிடாதீர்கள்.

வெள்ளவத்தை வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பனியை மட்டுமாவது தள்ளலாமா?

தெஹிவளையிலிருந்து

வேண்டாம் ஐயா, சவளைத் தொடவே தொடாதீர்கள். கடுங்குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஈரப்பனியின் பாரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரண்டும் சேரும் விடியற்காலையில் மாரடைப்பு வந்தவர்களை நான் அறிவேன். மருமகன் தள்ளட்டும், அல்லது பருவத்துக்கு ஒருவரைப் பேசி விடட்டும். பயணத்துக்கு முன்னர் உங்கள் வைத்தியரையும் ஒருமுறை பாருங்கள். உப்பு வாளியைக் கராஜ் கதவுக்கு உட்புறமாக வைத்து, அவர் தள்ளி முடித்த படிகளில் ஒரு பிடி தூவுங்கள்.

வெள்ளவத்தை வாசி

அப்படியே செய்கிறேன். மனைவிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். காஸ் அடுப்பு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். பம்பலப்பிட்டித் தங்கச்சி அந்த ஓவன் மீனுக்கு எத்தனை பாகைச் சூடு, எவ்வளவு நேரம் என்று எழுதினால் குறித்துக்கொள்வார்.