ரப்பர் மரத்தில் 6×9 மீட்டர் மண்டபம்: மாணவர் போட்டிக்குச் சரிவருமா?

தச்சன்குஞ்சு (கேள்வி)

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு, மூன்று பேர் அணி. நிலைத்தகு மர வடிவமைப்புப் போட்டிக்கு நாகர்கோவில் பக்கம் ஒரு திறந்த வாசிப்பு மண்டபம், 6×9 மீட்டர். மரம் 100 கி.மீ.க்குள் கிடைக்க வேண்டும், கார்பன் கணக்கு ஒரு பக்கம், இணைப்பு மாதிரி ஒன்று 1:5 அளவில். ரப்பர் மரம் எடுத்திருக்கிறோம்: 6 மீட்டர் ஒட்டு உத்தரம், தூணும் அதே மரம், நேராகத் தரையில் ஊன்றியது. நடுவர்கள் எங்கே பிடிப்பார்கள்?

வைரக்கட்டை

தூணில்தான். ரப்பர் மரத்தில் வைரம் (கெட்டியான உள்மரம்) என்று தனியாகப் பிரிந்து தெரியாது, மாவுச்சத்து ஏராளம். வெட்டிய சில நாளில் நீலம் பூக்கும், பிறகு உளு (மரம் துளைக்கும் வண்டு) விழும். அதனால்தான் பச்சையாக இருக்கும்போதே போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் 12% ஈரப்பதம் வரை உலர்த்துகிறார்கள். ஆனால் இந்தக் கரைசலில் உள்ள போரான் தண்ணீரில் கரையும். மழை படும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். 'போரான் ஏற்றியது' என்று எழுதிவிட்டு மழையில் நிறுத்தினால் அந்த வரியே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ரப்பரைக் கூரைக்கு உள்ளே, நனையாத இடத்தில் வையுங்கள். தூணுக்கு அயினி: குமரி மாவட்டத் தோட்டங்களில் நிற்கிற மரம், படகு கட்டிப் பழகிய மரம். வெள்ளை (வெளிப்புற மென்மரம்) நீக்கி 125×125 மி.மீ. எடுங்கள். தூண் அடி தரைக்கு 300 மி.மீ. மேலே, துத்தநாகம் பூசிய இரும்புக் காலணியில் நிற்கட்டும். அடி முகத்தில் தண்ணீர் தேங்க இடம் கொடுக்காதீர்கள். சாரல் 45 பாகையில் அடித்தால் 600 மி.மீ. இறவாணம் தூணின் மேல் 600 மி.மீ.யை மட்டும்தான் காக்கும். வெட்டுப்படத்தில் அந்தச் சாய்கோட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

கூரைக்கணக்கு

உத்தரமும் இடிக்கும். கடையில் கிடைக்கும் ரப்பர் ஃபிங்கர் ஜாயின்ட் (விரல்போல் கோத்து ஒட்டிய) பலகை அறைகலனுக்கான ஒட்டு. அதை உத்தரமாகக் கணக்குப் போட முடியாது. பால் வெட்டிய அடிமரத்தில் நீளமான நேர்த்துண்டும் அரிது. அதனால் குட்டைத் துண்டையே வடிவமாக்குங்கள். 1920களில் ஜெர்மனியின் மெர்செபுர்க்கில் ஃபிரீட்ரிக் சோலிங்கர் செய்த லேமெல்லா கூரை இதற்கென்றே பிறந்தது போல இருக்கும்: சாய்சதுர வலை, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு துண்டு தொடர்ந்து போகும், இரண்டு துண்டுகள் அதன் நடுவில் வந்து முடியும்.

6 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் எழுச்சி என்றால் வில்லின் ஆரம் 3.75, வில்நீளம் 6.95 மீட்டர். பரப்பு 62.6 ச.மீ. (இறவாணம் சேர்க்காமல்). 1.5 மீட்டர் துண்டு, 45 பாகைச் சாய்சதுரம்: சுமார் 160 துண்டு. 150×38 மி.மீ. வைத்தால் 1.35 கன மீட்டர். இது தொடக்க அளவுதான், வளைவிசை சரிபார்த்த பிறகே இறுதி.

மறந்துவிடாதீர்கள், வில் வெளியே தள்ளும். தற்பாரம் 0.35, கூரை மேல் பாரம் 0.75, ஆக ச.மீ.க்கு 1.1 கிலோநியூட்டன். wL²/8f (w பாரம், L அகலம், f எழுச்சி) போட்டால் வெளித்தள்ளல் ஒரு மீட்டருக்கு 3.3 கிலோநியூட்டன். தூண்கள் 1.5 மீட்டர் இடைவெளியில் என்றால் எதிரெதிர் தூண்களைப் பிணைக்கும் ஒவ்வொரு இழுகம்பிக்கும் 5 கிலோநியூட்டன், 12 மி.மீ. கம்பி தாராளம். காற்று அதைவிடக் கவலை. வடிவமைப்பு வேகம் விநாடிக்கு 39 மீட்டர் என்றால் அழுத்தம் 0.6V², ச.மீ.க்கு சுமார் 0.9 கிலோநியூட்டன். திறந்த மண்டபத்தின் 0.35 எடையுள்ள கூரை மேலே கிளம்பப் பார்க்கும். காலணியை அஸ்திவாரம் வரை போல்ட்டால் பிடியுங்கள்.

தச்சன்குஞ்சு

நன்றி. 160 துண்டுக்கும் ஒரே வெட்டா? முடிச்சில் என்ன தவறும்? தூணுக்குப் பனை வைத்தால் உள்ளூர் மரம் என்று கூடுதல் மதிப்பெண் வருமா?

கூரைக்கணக்கு

ஓர வரிசைகள் தவிர மற்றவை ஒரே வெட்டு, ஒரே அச்சில் அறுக்கலாம். தவறுவது போல்ட். ஈர மரத்தில் முடுக்கினால் மரம் சுருங்கியதும் தளரும். பழைய சோலிங்கர் கூரைகள் தொய்ந்ததில் இதற்குப் பெரும் பங்கு. எம்12 (12 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு 13 மி.மீ. துளைக்கு மேல் போகாதீர்கள், வாஷர் 36 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன், துண்டின் முனையிலிருந்து துளை 84 மி.மீ. தள்ளி. மறுமுடுக்கலுக்கு ஸ்பேனர் நுழையும் இடம் விடுங்கள். 1:5 மாதிரியில் துண்டு 30×7.6 மி.மீ. ஆகும், இணைப்பு நன்றாகத் தெரியும்.

வைரக்கட்டை

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். போட்டித்தாளில் அது பலவீனம். மரத்திலும் வெளிச்சுற்றுதான் இரும்பு, நடு சோறு. பழைய வீடு இடித்த பனங்கை கிடைத்தால் தட்டோட்டுக்குக் கீழே பயன்படுத்தலாம், ஆணி எடுத்துவிட்டு.

ஈரமானி

கார்பன்: 12% ஈரத்தில் ரப்பர் கன மீட்டருக்கு 620 கிலோ என்று வையுங்கள். 1.12ஆல் வகுத்தால் உலர் எடை 554, பாதி கார்பன் 277, அதை 44/12ஆல் பெருக்கினால் 1,015 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 1.12ஆல் வகுக்க மறந்தால் 12% கூடுதலாகக் காட்டுவீர்கள். லேமெல்லா 1.35, மேலே 20 மி.மீ. பலகை 1.25, மொத்தம் 2.6 கன மீட்டர்; சுமார் 2,640 கிலோ. இதை அறுவை, உலர்த்தல், லாரி உமிழ்விலிருந்து கழித்து 'எதிர்மறைக் கார்பன்' என்று போடாதீர்கள். சேமிப்பு தனி வரி. எரித்தாலோ மட்கினாலோ அது திரும்பிவிடும். 25–30 ஆண்டு பால் தந்து மறுநடவுக்காக எப்படியும் வெட்டப்படும் மரம் என்பதை எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த அறுவை ஆலை, எத்தனை கி.மீ. என்பதை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.